சந்தனத்தின் வலது காது

பெயர்: ஆ. சந்தனம். பிறந்த ஆண்டு: 1980, ஆவணி மாதம். நாள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று எழுதியிருக்கிறது. ஊர்: புதுக்கோட்டை மாவட்டம், ஆதனக்கோட்டையை ஒட்டிய ஒரு சிற்றூர். தொழில்: முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்து, பருப்பைத் தஞ்சாவூர் சாலையோரம் விற்பது. 1987இல் பொன்னுக்குவீங்கி வந்து இடது காது கேட்காமல் போனது. 2002 தை மாதம் ஆத்மநாதனுடன் திருமணம். 2004இல் மகள் இளமதி பிறந்தாள். 2023 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வலது காதில் அரிப்பு தொடங்கியது.

மேற்கண்ட விவரங்களுள் ஒன்றை மட்டும் புகுந்த வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. அது இடது காதைப் பற்றியது.

ஏழு வயதில் இரண்டு கன்னமும் வீங்கிக் காய்ச்சலில் கிடந்த சந்தனம், எழுந்து உட்கார்ந்தபோது உலகத்தின் ஒரு பக்கம் அணைந்துபோயிருந்தது. பள்ளியில் பிள்ளைகள் அவளுடைய இடப்பக்கம் நின்றுகொண்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சிரிப்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் ‘செவிடி’ என்ற பட்டம் இன்னும் உரத்து விழும். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து தலையாட்டிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொன்னார்கள், சமைப்பாளா என்று விசாரித்தார்கள். காதைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளுடைய அப்பா இருந்துவிட்டார். யாரும் கேட்காமலேயே இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது.

ஓடியது தானாக அன்று; அவள் ஓட்டினாள். பேருந்தில் இடப்புற ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவாள். அங்கே இருந்தால் பேசுகிறவர் எவராயினும் வலப்பக்கம்தான் இருந்தாக வேண்டும். கல்யாண வீடுகளில் பந்தியின் இடக்கோடி இலையைத் தேடிப் போவாள். ஆத்மநாதன் குறட்டை விடும்போது வலது காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். இந்தக் குறட்டையை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாளோ என்று நாத்தனார்கள் வியந்துகொண்டார்கள். இடப்பக்கமிருந்து எவராவது பேசுவது கண்ணின் ஓரத்தில் பட்டால், என்ன ஏது என்று பாராமல் தலையை ஆட்டிவிடுவாள்.

சாலையோரத்து முந்திரிக் கொட்டகைகள் வரிசையிலும் இடக்கோடியைத்தான் பிடித்திருந்தாள். 2018இல் கொட்டகைகளை மாற்றிப் போட்டுக்கொண்டபோது, அவளுக்கும் இடப்பக்கத்தில் செவந்தி வந்து கூரை போட்டாள். செவந்தி வாய் ஓயாதவள். சந்தனத்தை அக்கா அக்கா என்று அழைத்துக்கொண்டிருந்தவள், ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு திடீரெனப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் ஆபரேசனுக்காக அவள் வெளியூர் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, தார்ப்பாய் இறக்கப்படாமல் வறுத்த கொட்டை முழுதும் மழையில் ஊறிக் கிடந்தது என்பது மட்டும் சந்தனத்துக்குத் தெரியும். அதற்குத் தன்மேல் ஏன் கோபம் என்பது விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கும் வழக்கமும் அவளுக்கு இல்லை. அதன் பிறகு செவந்தி, முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவதுபோல் ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பாள். சந்தனம் தலையாட்டுவாள்.

இப்படி ஒற்றைக் காதில் நடந்துகொண்டிருந்த குடித்தனத்தில்தான் அந்த அரிப்பு நுழைந்தது.

முதலில் அது சுகமாகக்கூட இருந்தது. கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாரும் தலையில் ஒரு கொண்டை ஊசி வைத்திருப்பார்கள். அதன் ஒரு காலை நிமிர்த்தி நுனியை லேசாக வளைத்துக்கொண்டால், ஓட்டில் ஒட்டிக்கொண்ட பருப்பை உடையாமல் நெம்பி எடுக்கலாம். நெம்பி முடித்ததும் ஊசி மறுபடி கொண்டைக்குப் போய்விடும். காது அரித்தபோது கை தானாகக் கொண்டைக்குத்தான் போனது. ஊசியின் வளைந்த நுனி உள்ளே சுற்றிவரும்போது கண் செருகியது. எடுத்த அரை நாழிகைக்குள் முன்னைவிட மோசமாக அரித்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதிலும் விட்டுக்கொண்டாள். அன்று மாலை அரிப்போடு வலியும் சேர்ந்தது. மறுநாள் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. இளமதி பார்ப்பதற்குள் துவைத்துப் போட்டாள்.

அதன் பிறகு சந்தனம் ஒரு இடத்தில் இருக்கவில்லை. அடுப்படியில் டம்ளர்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். நேற்றைய ஓசை இன்றும் இருக்கிறதா, சற்றுக் குறைந்திருக்கிறதா? காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். டிவியின் சத்தத்தை ஒவ்வொரு கோடாகக் கூட்டினாள். இளமதி வந்து தெருவே கேட்கிறதென்று குறைத்துவிட்டுப் போனாள். குறைத்ததும் படத்தில் வாய்கள் மட்டும் அசைந்தன. வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். வேப்பமரத்தில் காக்கை அலகைத் திறந்தது தெரிந்தது; கரைந்ததா இல்லையா என்பது தெரியவில்லை. இருப்பது ஒன்று. அதுவும் போனால், அப்புறம் எந்தப் பக்கம் உட்கார்ந்தும் பயனில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் டம்ளரைத் தேடிக் கை போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆத்மநாதன் தன் லோடு ஆட்டோவிலேயே கொண்டுபோய்விட்டிருப்பான். ஆனால் டாக்டர் இரண்டு காதையும் பார்ப்பார். அந்தக் காது எப்படி என்று கேட்பார். பக்கத்தில் ஆத்மநாதன் நிற்பான். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடும். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிவைத்தாள்.

வியாபாரம் அவளைத் தள்ளிவைக்க ஆரம்பித்தது. கொட்டை வறுப்பதற்குக் காது வேண்டும். வாயகன்ற இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு, முந்திரி ஓட்டையே எரித்து வறுப்பார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து சட்டிக்குள் தீப்பிடிக்கும்; கரும்புகை எழுந்து கண்ணை மறைத்துவிடும். சடசடவென்ற வெடிப்பு எப்போது அடர்ந்து தடிக்கிறதோ அப்போது சட்டியைக் கவிழ்த்து, மண்ணைத் தூவித் தீயை அணைக்க வேண்டும். சற்று முந்தினால் ஓடு உடையாது. சற்றுப் பிந்தினால் பருப்புக் கருகும். சந்தனத்தின் கைப் பருப்பு கருகியதாக வரிசையில் யாரும் கண்டதில்லை. அந்த வாரம் மூன்று சட்டி கருகின. வண்டியில் கொட்டை மூட்டை இறக்க வந்த ஆத்மநாதன் ஒரு கருகல் பருப்பை வாயில் போட்டுப் பார்த்து, வீட்டில் ஏதும் சண்டையா, தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டதா என்று கேட்டான். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதையே கவனித்துக்கொண்டிருந்த சந்தனம் தலையாட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நவம்பர் 2, வியாழக்கிழமை. தீபாவளிக்கு முந்திய கூட்டம். சாலையோரம் கார்கள் நின்று நின்று போயின. சந்தனம் சட்டியின் முன் குனிந்து, வெடிப்பின் அடர்த்தியைப் பிடிக்க வலது காதைத் தீக்கு மிக அருகே கொண்டுபோயிருந்தாள். வெக்கை பட்டதும் காதுக்குள் ஊசி இறங்குவதுபோல் வலித்தது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தபடி கேட்டாள். பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஏதோ ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். அந்நேரம் இடப்பக்கமிருந்து ஒரு கார் நிறுத்த இடம் பார்த்துப் பின்னோக்கி வந்தது. ஓட்டியவர் ஹாரன் அடித்தார். செவந்தி கத்தினாள். சந்தனம் அசையவில்லை.

தோளில் விழுந்த கைதான் அவளை இழுத்துப் போட்டது. அவள் மண்ணில் சரிய, காரின் பின்புறம் சட்டியை முட்டிக் கவிழ்த்தது. எரிகிற கொட்டைகள் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சிதறின. செவந்தி அவளை இரண்டு தோளிலும் பிடித்துக் குலுக்கினாள். முகத்துக்கு நேராக நின்று கத்தியதால் கொஞ்சம் காதிலும் மிச்சம் கண்ணிலும் விழுந்தது.

“ஏ மூதேவி, தொண்ட கிழியக் கத்துறேன், ஒனக்குக் கேக்கல?”

சந்தனத்தின் தலை பழக்கத்தில் ஆட ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

“கேக்கல,” என்றாள். “அந்தப் பக்கம் ஏழு வயசுலேருந்தே கேக்காது. இப்ப இந்தப் பக்கமும் போவுது.”

காரோட்டி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். செவந்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கோ தொலைவில் எதையோ தேடிப்பிடிப்பவள்போல் சந்தனத்தையே பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கு? எங்கம்மா ஆபரேசனுக்குப் போறேன், மழ வந்தாப் பாய எறக்கி விடுக்கான்னு பஸ்ஸுல கால வச்சுக்கிட்டே சொன்னேனே. நீ தலைய ஆட்டுன.”

“நான் எல்லாத்துக்கும் ஆட்டுவேன்.”

“எல்லாத்துக்குமா?”

“யாரு என்ன சொன்னாலும்.”

செவந்தி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். “நாலு வருசமா ஒன்ன நான் திட்டாத திட்டு இல்ல. அதுக்கும் நல்லா ஆட்டுனியேக்கா,” என்றாள். “எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருன்னு வீட்டுல போயி சொல்லிச் சொல்லி அழுதேன்.”

சந்தனத்துக்கு இது முழுவதும் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். ஒருவரை மறுபடி சொல்லச் சொன்னது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. செவந்தி மறுபடி சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு காதைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு போயிற்று. மறுநாள் முதல் பேருந்தில் புதுக்கோட்டைக்குப் போவது அங்கேயே முடிவாயிற்று. தீபாவளி வியாபாரம் என்று சந்தனம் இழுத்ததற்கு, வியாபாரம் கிடக்கட்டும் என்று செவந்தி ஒரே வெட்டாக வெட்டினாள்.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அன்றைக்கு டாக்டர் ஷர்லி இருந்தார். இளமதியைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். விளக்கோடு குனிந்து வலது காதுக்குள் பார்த்தார். பிறகு நாற்காலியை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு ஏதோ கேட்டார். சந்தனம் தலையாட்டினாள்.

“சும்மா ஆட்டுறா டாக்டரம்மா,” என்றாள் வாசலருகே நின்ற செவந்தி. “அது செத்த காது. என்ன கேட்டாலும் ஆட்டும்.”

டாக்டர் எழுந்து நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொரு கேள்வியாக உரத்து, நிதானமாகக் கேட்டார். எதைக்கொண்டு குடைந்தீர்கள் என்றதற்குச் சந்தனம் கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். அதன் நுனி கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. அது என்ன கறுப்பு என்று டாக்டர் விசாரித்தார். முந்திரி ஓட்டு எண்ணெய் என்று செவந்தி சொன்னாள்; கையில் பட்டால் தோல் கொப்புளித்து உரியும் என்பதால்தான் தாங்கள் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பதாக விளக்கினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, தன் கொண்டையில் இருந்த ஊசியையும் எடுத்துப் பார்த்தாள்.

“கையிக்குச் சாம்பல் இருக்கு,” என்றார் டாக்டர். “காதுக்குள்ள என்னம்மா இருக்கு?”

உள்ளே சுவர் முழுதும் புண்ணாகியிருந்தது. புண்ணின்மேல் விட்ட எண்ணெயின் ஈரத்தில் காளான் பூத்து, நனைந்த செய்தித்தாளைத் திணித்ததுபோல் அடைத்திருந்தது. டாக்டர் சிறு குழாயால் அதை உறிஞ்சி எடுத்தபோது சந்தனம் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. வீக்கத்தில் செவிப்பறை கண்ணுக்குத் தெரியவில்லை. ஓட்டை விழுந்திருக்கிறதா என்பது வீக்கம் வடிந்தால்தான் தெரியும். மருந்தில் நனைத்த துணித்திரியை உள்ளே வைத்து மூன்று நாள் விட வேண்டும். அதுவரை அந்தக் காதும் கேட்காது.

சந்தனம் எழுந்துவிட்டாள். அவளுக்கு இருந்தது அந்தப் பஞ்சுப்பொதிச் சலசலப்பு ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது ஒன்றும் இல்லாமற் போனால்? சொட்டுமருந்து மட்டும் கொடுங்கள் என்று கேட்டாள். வீக்கத்தில் சொட்டு இறங்காது என்றார் டாக்டர். மாத்திரை? அதுவும் போதாது. சந்தனம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்; மறுபடி வாசலுக்குப் போனாள். செவந்தி தடுக்கவில்லை.

“நீங்க யோசிக்கிற நேரமெல்லாம் அது உள்ள வளருதும்மா,” என்றார் டாக்டர், எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று. “உங்களுக்கு இருக்குறது ஒண்ணுன்னுதான் அவசரப்படுத்துறேன்.”

அவள் வந்து உட்கார்ந்தாள். திரி உள்ளே போனது. செவந்தியின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது, ஒலி இல்லை.

வீட்டில் சொல்ல வேண்டியதைச் சந்தனம் தானே சொன்னாள். ஆத்மநாதன் மாலையில் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், எதிரே போய் நின்று, பொன்னுக்குவீங்கியிலிருந்து தொடங்கினாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் எவ்வளவு உரத்துப் பேசுகிறோம் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முடித்தபோது ஆத்மநாதன் பேசத் தொடங்கினான். நீளமாகப் பேசினான். ஒரு தடவை எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான், கையை விரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டானா, வியர்வையையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இளமதி கதவோரம் அசையாமல் நின்றாள். சந்தனத்தின் கழுத்து தலையாட்டுவதற்குத் துடித்தது.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலங்க,” என்றாள்.

ஆத்மநாதன் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தான். பிறகு போய் அவளுக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். அன்று அவன் என்ன சொன்னான் என்பது சந்தனத்துக்கு இன்றுவரை தெரியாது. பிற்பாடு கேட்டபோது, “அதெல்லாம் ஒரு தடவதான் வரும்,” என்றுவிட்டான். இளமதியும் சொல்ல மறுத்துவிட்டாள்.

திரி எடுத்த அன்று ஆத்மநாதனும் கூடப் போனான். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்றார் டாக்டர். ஆனால் காது எவ்வளவு கேட்கிறது என்பதைப் புண் முழுதும் ஆறிய பிறகு கருவி வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவரை எண்ணெய், தண்ணீர், ஊசி எதுவும் படக்கூடாது. வெளியே வந்ததும் பேருந்து நிலையத்தின் இரைச்சல் சந்தனத்தின்மேல் வந்து விழுந்தது. இது பழைய அளவா, குறைந்த அளவா? டம்ளர் தட்டுவது மறுபடி ஆரம்பித்தது. இளமதி டம்ளர்களை உயரத்தில் எடுத்து வைத்தாள். சந்தனம் கரண்டிகளைத் தட்டினாள்.

கொட்டகையில் சட்டியைச் செவந்தி பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று சந்தனம் கேட்டதற்கு மட்டும் அவள் இணங்கவில்லை.

“அதெல்லாம் ஆவாது. புதுக்கோட்டையிலேருந்து வர்ற மொத வண்டி எங்கிட்டதான் நிக்கும். ஒன்னக் கூப்பிடணும்னா ஓட்ட எடுத்து எறியிறேன், இங்கிட்டுத் திரும்பு.”

அன்று முதல் சந்தனத்தின் மடியில் நாள் முழுதும் முந்திரி ஓடுகள் வந்து விழுந்தன. பாதி ஓடுகளுக்கு விஷயமே இருக்காது.

நவம்பர் 27, திங்கட்கிழமை. கேட்கும் திறன் பரிசோதனை. சுவரெங்கும் மெத்தை வைத்த சிறிய அறை. சோதனை செய்பவரின் பெயர் திருமுருகன். கண்ணாடிக்கு அப்பாலிருந்தவர், உள்ளே வந்து எல்லாவற்றையும் விளக்கினார்: காதில் மாட்டியிருப்பதில் மெல்லிய ஒலி வரும், கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும், எண் சிறிதாக இருந்தால் நல்ல காது, இருபத்தைந்துவரை கவலையில்லை, அதற்குமேல் ஏற ஏறக் குறைபாடு. கதவு சாத்தப்பட்டது. அப்படி ஒரு நிசப்தத்தைச் சந்தனம் திரி வைத்திருந்தபோதுகூட அறிந்ததில்லை. ஏதோ ஒலித்ததுபோல் இருந்தது; அமுக்கினாள். ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது, இருந்தும் அமுக்கினாள். உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. மறுபடி, மறுபடி அமுக்கினாள்.

திருமுருகன் கதவைத் திறந்தார். “நான் ஒலியே குடுக்கலம்மா, அமுக்குறீங்க. கேக்காட்டி சும்மா இருங்க. கேக்காதது ஒண்ணும் தப்பில்ல. மொதல்லேருந்து வைப்போம்.”

சந்தனம் பொத்தானை முந்தானையில் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இந்த முறை கேட்டதற்கு மட்டும் அமுக்கினாள். இடது காதுக்கு மாற்றிய பிறகு, சோதனை முடிந்ததென்று திருமுருகன் வந்து சொல்லும்வரை அவள் விரல் அசையவில்லை.

முடிவு: இடது காது, பதிவு இல்லை. வலது காது, 25 டெசிபல்.